தமான் நெகாரா, பெர்ஹெந்தியான்: 12 நாள், முதுகுப்பையோடு. நவம்பரில் போகலாமா?

பொன்மலைப்பயணி:

எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு, நவம்பர் பின்பாதியில் 12 நாள் மலேசியா போகிற யோசனை. நானும் நண்பனும், ஆளுக்கொரு முதுகுப்பை. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம் இருப்பதால் நாடு முடிவாகிவிட்டது. கோபுரம், கெந்திங், மால் எதுவும் வேண்டாம். காடும் கடலும் போதும். இப்போதைக்குத் தாளில் இருப்பது: கோலாலம்பூர் 1 நாள், தமான் நெகாரா காடு 3, பெர்ஹெந்தியான் தீவு 4, லங்காவி 3, திரும்ப 1.

அந்த மாதத்தில் மழை எப்படி? தமான் நெகாராவிலிருந்து பெர்ஹெந்தியானுக்கு எப்படிப் போவது? வரைபடத்தில் பக்கம் போலத்தான் தெரிகிறது, ஆனால் வழி எங்கெங்கோ சுற்றுகிறது. காட்டில் அட்டைக்கு என்ன செய்வது? எனக்கு நீச்சல் அரைகுறை, நண்பனுக்குத் தெரியவே தெரியாது, ஸ்நார்க்கெல் செய்யலாமா? அவன் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டான். பை 60 லிட்டரா, 40 போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்காரர்:

தம்பி, விமான டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? எடுக்கவில்லை என்றால் முதல் வேலையாகத் தேதியை மாற்றுங்கள். மற்ற கேள்விகளுக்கெல்லாம் அதற்கப்புறம்தான் அர்த்தம்.

கிழக்குக் கரைக்கு வடகிழக்குப் பருவமழை நவம்பரில் இறங்கும், பிப்ரவரி வரை போகும். தீபாவளிக்குச் சென்னையை நனைக்கிற அதே பருவக்காற்றுதான் தென்சீனக் கடலைக் கடந்து வந்து கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்கள் மூன்றையும் அடிக்கிறது. பெர்ஹெந்தியானில் அந்த மாதங்களில் தங்குமிடங்களைப் பூட்டிவிட்டு ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலானவை அக்டோபர் கடைசியில் மூடி, மார்ச்சில்தான் திறக்கும். கோலா பெசுட் படகுத்துறையில் அலை பெரிதானால் படகு ஓடாது. போய்ச் சேர்ந்தாலும் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், ஒன்றும் தெரியாது. காட்டிலும் ஆறு ஏறிவிடும். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானில் கெமுபு ரயில் பாலத்தையே ஆறு அடித்துக்கொண்டு போனது. ஆண்டுதோறும் அப்படி இல்லைதான், ஆனால் 12 நாள் விடுப்பை வைத்துச் சூதாடுகிற இடம் அது இல்லை.

நவம்பரை மாற்றவே முடியாது என்றால் கரையை மாற்றுங்கள். மேற்குக் கரையில் கணக்கு வேறு. லங்காவிக்கு செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். நவம்பரில் குறைந்துகொண்டே வரும், டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல வெயில். பினாங்கு, பங்கோர், லங்காவி என்று போகலாம். பினாங்கில் தெலுக் பஹாங் பக்கம் ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. சின்னதுதான், ஆனால் காட்டுக்குள் நடந்து போய் நேராகக் கடற்கரையில் இறங்கும் பாதைகள் உண்டு. பந்தாய் கெராச்சுட் கரையில் ஆமை முட்டையிடும். பக்கத்திலேயே மேலே நல்ல தண்ணீரும் அடியில் உப்புத் தண்ணீருமாகக் கலக்காமல் நிற்கிற ஓர் ஏரி. மண் சரிந்தால் சில பாதைகளை அடைத்துவிடுவார்கள், வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

விடுப்பை ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் நகர்த்த முடிந்தால் உங்கள் முதல் திட்டமே சரி. ஒரே ஒரு வெட்டு: லங்காவியை எடுத்துவிடுங்கள். ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தாண்ட ஒன்றரை நாள் பேருந்திலும் காத்திருப்பிலும் போய்விடும். ஜூலை, ஆகஸ்டில் தீவு நிரம்பி வழியும், விலையும் ஏறும். மே, ஜூன் நல்லது. நோன்பு மாதத்தில் கிளந்தான் பக்கம் பகலில் சாப்பாட்டுக் கடை திறந்திருக்காது. ஹரி ராயா என்கிற நோன்புப் பெருநாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் பேருந்து, ரயில் இரண்டிலும் இடம் கிடைக்காது. அந்தத் தேதி ஆண்டுதோறும் 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும் என்பதால் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

பொன்மலைப்பயணி:

நல்லவேளை, டிக்கெட் எடுக்கவில்லை. நண்பனிடம் பேசிவிட்டேன். ஜூன் இரண்டாம் வாரம் என்று வைத்துக்கொள்கிறோம், லங்காவி இல்லை. இப்போது போக்குவரத்து, அட்டை, கடல், சாப்பாடு நான்கையும் சொல்லுங்கள்.

ரயில்ராஜா:

போக்குவரத்து மட்டும் நான் சொல்கிறேன்.

தமான் நெகாராவுக்கு, கோலாலம்பூரிலிருந்து ஜெராந்துட் வரை பேருந்து, சுமார் மூன்றரை மணி நேரம். டிபிஎஸ் என்கிற தெற்கு முனையம், கோம்பாக் முனையம் என்று கிழக்குக் கரைப் பேருந்துகள் வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுக் கிளம்புங்கள், இரண்டுக்கும் நடுவே நகரமே இருக்கிறது. டிபிஎஸ் என்றால் விமான நிலையத்திலிருந்து கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் பண்டார் தாசிக் செலாத்தான் இறங்கினால் போதும், ஊருக்குள் போகவே வேண்டாம். எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறிவிடாதீர்கள், அது நடுவில் நிற்காது.

ஜெராந்துட்டிலிருந்து பூங்கா வாசலில் இருக்கிற கோலா தஹான் கிராமம் சுமார் 70 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், வேன் அல்லது உள்ளூர்ப் பேருந்து. கோலா தெம்பெலிங் துறையிலிருந்து ஆற்றில் படகில் போவதைப் பற்றிப் பழைய பயணப் புத்தகங்களில் உருகி உருகி எழுதியிருப்பார்கள். இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம், அழகுதான். ஆனால் தண்ணீர் மட்டத்தையும் ஆள் எண்ணிக்கையையும் பார்த்துத்தான் படகு எடுப்பார்கள். முன்கூட்டிப் பேசி உறுதி செய்யாமல் அதை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள்.

பணம் ஜெராந்துட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கோலா தஹானிலும் தீவிலும் ரொக்கம்தான் பேசும். பெர்ஹெந்தியானில் ஏடிஎம் கிடையாது. இன்னொன்று, நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். ஊரிலேயே வங்கிச் செயலியில் திறந்துவிட்டு வாருங்கள். அங்கே போய்த் திறக்கப் பார்த்தால் ஒருமுறைக் கடவுச்சொல் வரவேண்டிய சிம் பெட்டியின் அடியில் கிடக்கும்.

இனி கோலா தஹானிலிருந்து கோலா பெசுட். நடுவில் இருப்பது தமான் நெகாராவின் 4,343 சதுர கிலோமீட்டர் காடு, அதனால்தான் சாலை சுற்றிப் போகிறது. சுற்றுலா வேன் காலையில் கிளம்பி குவா மூசாங் வழியாக ஏழு, எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடும். விற்கும்போது 'இன்றே தீவில் இருப்பீர்கள்' என்பார்கள். கடைசிப் படகு மாலை ஐந்து வாக்கில். வேன் வழியில் இரண்டு இடத்தில் கூடுதலாக நின்றால் படகு போய்விடும். அன்று கோத்தா பாருவிலோ கோலா பெசுட்டிலோ இரவு தங்குவதாகவே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கடலும் அமைதியாக இருக்கும், முதுகெலும்புக்கு நல்லது.

வேனுக்குப் பதில் காட்டு ரயில். கெமாசிலிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர் போகிற கிழக்குக் கரைப் பாதை. ஜெராந்துட்டில் ஏறி, கோலா லிப்பிசில் வண்டி மாறி, வாக்காப் பாருவில் இறங்க வேண்டும். கோத்தா பாருவுக்கு அதுதான் பக்கத்து நிலையம். லிப்பிசிலிருந்து மட்டும் சுமார் ஆறு மணி நேரம். இரவு விரைவு வண்டியைத் தவிர்த்துப் பகல் வண்டியில் போங்கள். விரைவு வண்டி ஜெராந்துட்டுக்கு நடுராத்திரிக்கு அப்புறம்தான் வரும், பார்க்க வேண்டியது எல்லாம் இருட்டில் போய்விடும். குவா மூசாங்கிலிருந்து தாபோங் வரை சுண்ணாம்புக் குன்றுகள் தண்டவாளத்தை ஒட்டியே நிற்கும். டிக்கெட் கேடிஎம்பி செயலியில், கடவுச்சீட்டு எண் கொடுத்து எடுக்க வேண்டும். வண்டி தாமதமாகும், குளிர்சாதனம் பல்லைக் கிட்டும். ஒரு துண்டாவது கையில் இருக்கட்டும். அவசரம் இருந்தால் வேன், இல்லாவிட்டால் யோசிக்காமல் ரயில்.

காட்டுவழி:

அட்டை கடித்து யாரும் சாகவில்லை, அதைப் பற்றி ஊர் பேசுகிற அளவுக்கு அது பெரிய விஷயமும் இல்லை. ஈரப்பதமும் நேரக் கணக்கும்தான் ஆளைப் படுத்தும். இருந்தாலும் கேட்டதற்கு முதலில் பதில்.

சாதாரணப் பின்னல் காலுறையின் கண்ணி வழியே அட்டைக்குட்டி நுழைந்துவிடும். அதனால் நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை வருகிற அட்டை உறை வாங்குங்கள். கால்சட்டைக்கு மேலே இழுத்து நாடாவால் கட்ட வேண்டும், உள்ளே போடக் கூடாது. வெளிர் நிறமாக இருந்தால் ஊர்ந்து ஏறுவது தெரியும். காலணி மேலேயும் உறை மேலேயும் டீட் கலந்த பூச்சிவிரட்டி தடவினால் சிறிது நேரம் தாங்கும், ஓடையில் இறங்கினால் கழுவிக்கொண்டு போய்விடும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று குனிந்து பாருங்கள். ஒட்டிவிட்டால் தீக்குச்சி, உப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம். சுட்டால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள் கக்கிவிடும். ஒல்லியாக இருக்கிற முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும், பிறகு பெரிய முனையைத் தள்ளுங்கள். அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கடிவாய் மணிக்கணக்கில் கசியும். பயப்பட ஒன்றுமில்லை. சோப்பு போட்டுக் கழுவி, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்து, கட்டு ஒட்டிவிடுங்கள். அரிப்பு ஒரு வாரம் இருக்கும். சொறிந்தால்தான் சீழ் பிடிக்கும்.

காலணிக்கு ஊரில் ஐந்தாயிரம் ரூபாய் செலவழிக்க வேண்டாம். ஜெராந்துட்டில் எந்தச் சாமான் கடையிலும் கறுப்பு ரப்பர் காலணி தொங்கும், 'அடிடாஸ் கம்போங்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. முழுக்க ரப்பர், அடியில் குமிழ் குமிழாகப் பற்கள். சேற்றில் வழுக்காது, தண்ணீர் குடிக்காது, கழுவித் தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். மலையேற்ற வழிகாட்டிகள் அதைத்தான் போடுகிறார்கள். கணுக்காலுக்குப் பிடிமானம் இல்லை, முன்பக்கம் குறுகல். ஆகவே ஓர் அளவு பெரிதாக எடுத்து, உள்ளே தடித்த காலுறை. மூட்டுப் பிரச்சினை இருப்பவர்களுக்கு மட்டும் சரிப்படாது. நல்ல தோல் பூட்ஸ் அங்கே ஒருமுறை நனைந்தால் நீங்கள் விமானம் ஏறும் வரை காயாது, நாற்றம் உங்களுக்கு முன்னால் விடுதிக்குள் போகும்.

பை 40 லிட்டர் தாராளம். விலை குறைந்த விமானங்களில் கைப்பை உட்பட மொத்தம் 7 கிலோதான், தராசில் வைப்பார்கள். மழை உறை வெளிப்பக்கம் மட்டும்தான் காக்கும். முதுகுப் பக்கமாக வியர்வையும் தண்ணீரும் இறங்கிவிடும். பைக்குள் ஒரு பெரிய கனமான குப்பைப் பையை உறைபோல விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து வாயை முறுக்குங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். மெல்லிய நைலான் கால்சட்டை இரண்டு, சட்டை மூன்று. ஒரு செட் எந்த நிலையிலும் நனையாமல் தூங்குவதற்கென்றே இருக்கட்டும், காலையில் நேற்றைய ஈரச் சட்டையையே போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். அருவருப்பாகத்தான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் எப்படியும் வியர்வையில் நனையப்போகிற சட்டைக்குக் காய்ந்ததை வீணாக்காதீர்கள். கேமராவைக் குளிர்சாதன அறையிலிருந்து எடுத்து நேராகக் காட்டுக்குள் போனால் லென்சுக்குள் ஆவி படியும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள்.

நேரக் கணக்கு இப்படி. மலேசிய நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். சூரியன் மறைவது ஏழேகால் வாக்கில் என்றாலும் மரக்கூரைக்கு அடியில் ஆறரைக்கே முகம் தெரியாது. வேர், சேறு, விழுந்த மரம் என்று ஏறி இறங்கிப் போனால் மணிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர்தான் வேகம். ஊரில் மணிக்கு ஐந்து நடப்பவரும் அங்கே அதேதான். காலை எட்டுக்குக் கிளம்பி, மதியம் இரண்டுக்குள் நடையை முடிக்கப் பாருங்கள். ஜூனிலும் பிற்பகலில் இடியோடு ஒரு மழை உண்டு. மழை விட்டதும் ஓடையைக் கடக்காதீர்கள். மேலே பெய்த மழை கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே வரும். தண்ணீர் திடீரென்று பழுப்பாகிக் குச்சியும் இலையும் மிதந்து வந்தால் உடனே மேட்டுக்குப் போய்விடுங்கள்.

மூன்று நாளில் செய்யக்கூடியது: முதல் நாள் கோலா தஹான் கிராமத்திலிருந்து படகில் ஆற்றைக் கடந்து பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு, புக்கிட் தெரெசெக் ஏற்றம், திறந்திருந்தால் மரக்கூரை நடைபாலம். பாலத்தில் பாதியை மட்டும் திறந்து வைத்திருக்கும் காலங்களும் உண்டு. மின்னல் அடித்தால் உடனே மூடிவிடுவார்கள். அதனால் காலையிலேயே. இரண்டாம் நாள் பும்புன் கும்பாங். உப்பு நக்க வரும் விலங்குகளைப் பார்க்கக் கட்டிய உயரமான மறைவிடம், 11 கிலோமீட்டர் நடை, ஆறு ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கோலா திரெங்கான் வரை படகில் போய் மீதியை நடக்கவும் செய்யலாம். நான் சொல்வது போகும்போது படகு, வரும்போது நடை. அலுவலகத்தில் முன்பதிவு கட்டாயம். பலகைப் படுக்கை மட்டும்தான், மெத்தையோ மின்சாரமோ கிடையாது. எலிகள் பையைக் கடித்துத் திறக்கும், சாப்பாட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். தப்பீரோ மானோ வரலாம், ஒன்றுமே வராமலும் போகலாம். அதிகாலை இரண்டிலிருந்து நான்கு வரை ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்தால் வாய்ப்பு கூடும். புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், இரவு தங்கினால் கொதிக்க வைக்க ஒரு சிறு பாத்திரம். ஆற்றுத் தண்ணீர் நன்றாகக் கொப்பளித்துக் கொதித்து ஒரு நிமிடம் போனால் போதும். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலைந்து எடுத்து வாருங்கள். ஒரு பொட்டலம் ஒரு லிட்டருக்கு, பாதித் தண்ணீரில் முழுப் பொட்டலத்தைக் கரைக்கக் கூடாது. காலில் திறந்த புண் இருந்தால் ஆற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் உடம்புக்குள் போகும். ஊர் திரும்பி இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மழைக்காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். டெங்கு, எலிக்காய்ச்சல், குரங்கிடமிருந்து கொசு வழியாக வருகிற நோலெசி மலேரியா மூன்றையும் அவர் யோசிக்க வேண்டியிருக்கும். மலேரியா மாத்திரை தேவையா என்று போகும் முன் அவரிடமே கேளுங்கள். டாக்சிசைக்ளின் கொடுத்தால் வெயிலில் தோல் சீக்கிரம் வெந்துபோகும், நீங்கள் அடுத்துப் போவது கடற்கரைக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

குனோங் தஹான் சிகரம் ஏற ஆசை வந்தால்: 2,187 மீட்டர், வழிகாட்டியும் முன் அனுமதியும் கட்டாயம், ஒரு வாரம் வேண்டும். இந்த 12 நாளுக்குள் அடங்காது.

பொன்மலைப்பயணி:

அண்ணா, இது பயமுறுத்துகிற மாதிரியும் இருக்கிறது, இழுக்கிற மாதிரியும் இருக்கிறது! கடல் முதலில், காடு பிறகு என்று திருப்பினால் நல்லதா?

காட்டுவழி:

காடு முதலில். சேறும் ஈரமும் கடைசியில் வந்தால் அப்படியே விமானத்தில் ஏற்ற வேண்டிவரும். ஆனால் காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் கோத்தா பாருவில் ஒரு முழு நாள் விடுங்கள். காசு போட்டுத் துவைக்கிற டோபி கடைகள் அங்கே நிறைய, உலர்த்தும் இயந்திரத்தோடு. அட்டைக் கடியும் கொப்புளமும் ஒரு நாள் காய்ந்தால் நல்லது. வெப்பக் கடல் நீரில் திறந்த புண் சீக்கிரம் கெடும், ஆறவும் ஆறாது.

கடற்குதிரை:

தீவு பற்றி நான். ஐந்து பருவமாக அங்கே ஆட்களைக் கடலில் இறக்குகிற வேலை.

கோலா பெசுட்டிலிருந்து விரைவுப் படகு, 30 முதல் 45 நிமிடம். டிக்கெட் போக வர சேர்த்தே கொடுப்பார்கள். கடல் பூங்காக் கட்டணம் வெளிநாட்டினருக்குத் தனி, 30 ரிங்கிட், ரசீதைத் தொலைக்காதீர்கள். தங்கும் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரியும் உண்டு, முன்பதிவுத் தளத்தில் காட்டுகிற விலையில் அது பெரும்பாலும் இருக்காது. படகில் பின்னால் உட்காருங்கள். முன்னால் இடம் காலியாகக் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது, அலையில் எகிறிப் பலகையில் விழுவது முழுக்க முன் ஆசனக்காரர்தான்.

கெச்சில், பெசார் என்று இரண்டு தீவு. பேக்பேக்கர்களுக்குக் கெச்சில். அதில் லாங் பீச் பக்கம் இரவில் சத்தம், மணல் நன்றாக இருக்கும். கோரல் பே பக்கம் அமைதி, மாலை வெயில், படகுத்துறை. இரண்டுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நிமிட நடை. தீவில் வண்டி கிடையாது, எங்கே போனாலும் படகு டாக்சி. இருட்டினால் கட்டணம் கூடும். கூட்டம் ஒன்றைக் கவனியுங்கள். கிளந்தான், திரெங்கானு இரண்டுக்கும் வார விடுமுறை வெள்ளி, சனி. கோலாலம்பூர்க்காரர்களுக்குச் சனி, ஞாயிறு. ஆகவே வியாழன் மாலையிலிருந்து ஞாயிறு மதியம் வரை தீவு நெரியும். ஞாயிறு பிற்பகலோ திங்களோ போய் வியாழனில் தீவை விட்டுக் கிளம்பினால் அறையும் மலிவு, பவளத் திட்டிலும் நெருக்கடி இல்லை.

நீச்சல் தெரியாதவர் ஸ்நார்க்கெல் செய்யலாம், ஆனால் முதல் நாளே படகுச் சுற்றுலாவில் ஏறி ஆழத்தில் குதிக்கக் கூடாது. முதல் நாள் கரையிலேயே இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, முகத்தை மட்டும் நனைத்து வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். அரை மணி நேரம் போதும். படகில் லைஃப் ஜாக்கெட்டின் கீழ்வார் தொடைகளுக்கு நடுவே போட்டு இறுக்கியிருக்க வேண்டும். வார் இல்லாத ஜாக்கெட் கழுத்துக்கு ஏறி முகத்தை மறைக்கும், நீந்தத் தெரியாதவர் பதறுவது அங்கேதான். முகமூடி அளவு பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் நிற்க வேண்டும். மீசை வைத்தவர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். நம் ஊர் ஆட்கள் பாதிப் பேருக்கு முகமூடி ஒழுகுவதற்குக் காரணம் இதுதான், முகமூடி சரியில்லை என்று மூன்று தடவை மாற்றுவார்கள். மூக்கை ஒட்டி ஒரு விரல்கடை மழித்தால் போதும், மீசை போய்விடாது. கண்ணாடியில் ஆவி படிந்தால் குழந்தைகள் ஷாம்பு ஒரு சொட்டு தடவி அலசுங்கள்.

முதுகு வெந்துபோவது அடுத்த பிரச்சினை. மிதந்துகொண்டே இரண்டு மணி நேரம் கீழே பார்த்தால் வெயில் முழுக்கப் பின்னங்காலிலும் முதுகிலும். களிம்பை நம்பாமல் முழுக்கைச் சட்டையும் முழங்காலுக்குக் கீழே வருகிற கால்சட்டையும் போடுங்கள், பவளத்துக்கும் அது நல்லது. பவளத்தின் மேல் நிற்காதீர்கள். உங்கள் கால் கிழியும், அது செத்துப்போகும். கீறினால் நல்ல தண்ணீரில் துகள் போகும்வரை கழுவி மருந்து போட்டுவிட்டு, அன்று கடலில் இறங்க வேண்டாம்.

டைட்டன் டிரிகர் மீனைத் தெரிந்துகொள்ளுங்கள். முக்கால் மீட்டர் வரை வளரும், பல் தடித்தது, முட்டையைக் காக்கிற காலத்தில் துரத்திக் கடிக்கும். கூட்டிலிருந்து மேலே போகப் போக அகலமாகிற கூம்பைத் தன் எல்லையாக வைத்திருக்கும். பதறி நேர் மேலே போனால் அந்தக் கூம்புக்குள்ளேயே இருப்பீர்கள். துடுப்பை அதன் பக்கம் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் விலகுங்கள். சுறா என்று படகுக்காரர் காட்டுவது கறுநுனிச் சுறா. அது உங்களைப் பார்த்து ஓடும்.

டைவிங் ஆசை இருந்தால்: சான்றிதழ் இல்லாமல் பயிற்றுநரோடு ஒரு தடவை இறங்கிப் பார்ப்பதற்கு எல்லை 12 மீட்டர். ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மூன்று நான்கு நாள், 18 மீட்டர் வரை. உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, காதுப் பிரச்சினை இருந்தால் மறைக்காதீர்கள். ஊரிலேயே மருத்துவர் சான்று வாங்கி வந்தால் தாமதம் இருக்காது. சளி பிடித்திருந்தால் இறங்கக் கூடாது, காது அழுத்தம் சமமாகாது. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். கோத்தா பாருவிலிருந்து கோலாலம்பூர் போகிற சின்ன விமானத்துக்கும் அதே கணக்கு. அதனால் கடைசி நாள் ஸ்நார்க்கெல் மட்டும்.

மணலில் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈ மாலையில் கடிக்கும், கொசுவிரட்டி அதற்கு அரைகுறைதான். தேங்காய் எண்ணெயைக் கணுக்காலில் தாராளமாகத் தடவுங்கள், ஒட்டிக்கொண்டு கடிக்க முடியாமல் போகும். இரவில் ஆமை கரையேறினால் டார்ச் அடிக்கவோ ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கவோ கூடாது. வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும்.

செந்தூல்காரர்:

மிச்சம் சாப்பாடும் குடிநுழைவும். பூங்கா வாசலிலும் கிளந்தானிலும் நம் சைவக் கடையை எதிர்பார்க்க வேண்டாம். கோலா தஹானில் ஆற்றில் மிதக்கிற உணவகங்கள்தான். 'சாயூர்' என்று கேட்டால் காய்கறி வரும், ஆனால் அதில் பெலாச்சான் எனும் இறால் விழுதோ நெத்திலியோ போட்டிருப்பார்கள். அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. நண்பர் இதை மனப்பாடம் செய்யட்டும்: 'சாயா தாக் மாக்கான் டாகிங், ஆயாம், ஈக்கான், உடாங், தெலூர். ஜாங்கான் லெத்தாக் பெலாச்சான், ஈக்கான் பிலிஸ்.' மாடு, கோழி, மீன், இறால், முட்டை சாப்பிடமாட்டேன். இறால் விழுதும் நெத்திலியும் போடாதீர்கள் என்று ஆகும். ரொட்டி சானாய் எங்கும் கிடைக்கும், அதற்கு ஊற்றுவது மீன் குழம்பா பருப்பா என்று கேளுங்கள். 'டால்சா' என்றால் பருப்போடு எலும்பும் சேரலாம். மாவில் சில கடைகளில் முட்டை உண்டு. வெறும் சோறு, வதக்கிய கங்கோங் கீரை, தோஃபு, வாழைப்பழம் என்று ஓட்டிவிடலாம். பருப்புப் பொடி, ஊறுகாய் ஒரு பொட்டலம் பையில் இருந்தால் நண்பர் உங்களை வாழ்த்துவார். காட்டில் இரவு தங்குவதற்கு அவல் நல்லது, தண்ணீர் தெளித்தால் போதும், அடுப்பு வேண்டாம்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2026 கடைசி வரை 30 நாள் விசா விலக்கு நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பயணம் என்றால் புதிய அறிவிப்பைப் பாருங்கள். விலக்கு என்பதால் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று இல்லை. முதுகுப்பை, தெளிவில்லாத பதில், தங்குமிடம் இல்லை என்றால் தனியே கூப்பிட்டு உட்கார வைப்பார்கள், திருப்பி அனுப்பவும் செய்வார்கள். திரும்பும் டிக்கெட், முதல் மூன்று இரவுகளுக்காவது அறைப் பதிவு, கையில் பணம் இருப்பதற்கான அத்தாட்சி மூன்றையும் அச்செடுத்து வைத்திருங்கள். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். 50 ரிங்கிட், 60 ரிங்கிட் கேட்கிற தளம் எதுவானாலும் போலி, மூடிவிடுங்கள்.

பிளக் நம் ஊர் வட்ட ஊசி இல்லை, சதுர மூன்று ஊசி. அடாப்டர் ஊரிலேயே வாங்கி வாருங்கள், ஆளுக்கொன்று.

பொன்மலைப்பயணி:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒரே ஒரு சந்தேகம். பும்புனுக்குப் போகும்போது மொத்தப் பையையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா?

காட்டுவழி:

வேண்டாம். கோலா தஹானில் தங்குகிற விடுதியிலேயே விட்டுப் போகலாம், பெரும்பாலும் காசு கேட்கமாட்டார்கள். காட்டுக்குள் ஆளுக்கு ஆறு, ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம், அதில் பாதி தண்ணீராகவே இருக்கும். கடவுச்சீட்டையும் பணத்தையும் பையோடு விட்டுவிடாதீர்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பூங்கா அலுவலகத்தில் எந்த வழி போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள், திரும்பியதும் போய்ச் சொல்லுங்கள். சொல்லாமல் நேராகச் சாப்பிடப் போய்விட்டால் உங்களைத் தேடி ஆள் கிளம்பிவிடும்.